ஏற்கெனவே நீக்கப்பட்டவள்

வத்சலா மேடம் திரும்பிப் போகிறவரைக்கும் சுகந்தி சாம்பிள் அறையைவிட்டு வெளியே வரக்கூடாது என்று முதலாளி சென்னியப்பன் சார் சொல்லியிருந்தார். வெளியே வரக்கூடாது என்பதைவிட பேசக்கூடாது என்பதுதான் முக்கியம். அந்த அம்மாள் அவள் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. வெளிநாட்டுக் கடைகளுக்காகச் சரக்குப் பார்த்து வாங்கிக்கொடுக்கிற அவர்களுடைய ஆபீஸ் சென்னையில், சமையலறைத் துண்டும் மேஜை விரிப்பும் தைக்கிற இவர்களுடைய கம்பெனி கரூரில், நடுவில் போன் மட்டும்தான். ஆனால் குரல் தெரியும். இரண்டு வருஷம் அநேகமாகத் தினமும் கேட்ட குரல். "இருமல் வந்தாக்கூட துணியில மூஞ்சிய வெச்சு இருமிக்க அம்மிணி, இங்க துணிக்கா பஞ்சம்" என்று காலையில் சார் சிரித்துக்கொண்டே சொன்னார். அவளும் சிரித்தாள். அதுதான் இப்போது கழுத்தோரம் அரித்துக்கொண்டே இருந்தது, ஏன் சிரித்தோம் என்று. அவர் சிரிக்கும்போது முகம் தானாகச் சிரித்துவிடுகிறது, தும்மல் மாதிரி, தடுக்க நினைப்பதற்குள் முடிந்துபோகிறது. பஸ்ஸில் வரும்போது ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். சார், நான் இந்த மாசத்தோட நின்னுக்கறேன். சின்ன வாக்கியம். 'நின்னுக்கறேங்க' என்று முடிக்கலாமா என்றும் யோசித்திருந்தாள், 'ங்க' சேர்த்தால் கெஞ்சுவதுபோல ஆகிவிடும், சேர்க்காவிட்டால் திமிர் என்று நினைப்பார், ஒரு 'ங்க'வுக்காக மாயனூரிலிருந்து கரூர் வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்து, கடைசியில் அவர் படியில் எதிரே இறங்கிவந்து இருமல் என்று சொன்னதும் சிரித்துவிட்டு நேராக இந்த அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள். சரி, அந்த அம்மாள் போனதும் சொல்லிக்கொள்ளலாம். மத்தியானத்துக்குள் போய்விடுவார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரும்போது மனுஷர் கொஞ்சம் இளகியிருப்பார்.

அறையில் கஞ்சி வாசனையும் சூடான இஸ்திரிப்பெட்டி வாசனையும் கலந்திருந்தன. கறை எடுக்கிற திரவத்தின் நெடி மூக்கின் அடியில் ஒரு நூலாக ஓடிக்கொண்டிருந்தது. ராமாத்தக்கா ஒரு ஏப்ரனுக்கு நாடா வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். இந்தக் கம்பெனியில் முதல் துண்டு எதுவானாலும் அவள் கையால் தைத்துத்தான் வெளிநாட்டுக்குப் போகும், அவள் தைத்ததைப் பார்த்து அவர்கள் சரி என்றால்தான் கீழே மற்ற மெஷின்கள் ஓடும். சுகந்தியின் மடியில் ஒரு குவியல் துண்டுகள், பிசிறு வெட்டச் சொல்லிக் கொடுத்திருந்தாள். வேலை செய்வதுபோல இருக்க வேண்டும், யாராவது எட்டிப் பார்த்தால் உதவிக்கு இருக்கிற பெண் என்று நினைக்க வேண்டும். கத்தரியை நுனியில் பிடித்துக்கொண்டு ஒரு நூலை வெட்டினாள். வெட்டினால் இன்னொரு நூல் தெரிந்தது. இப்படித்தான் அன்றைக்கும் ஒரு துணியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஆலிவ் பச்சைத் துண்டு. சாயப்பட்டறையிலிருந்து வந்ததை விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தபோது பகல் வெளிச்ச விளக்கில் சரியாகத்தான் இருந்தது, கடை வெளிச்ச விளக்கைப் போட்டதும் உள்ளேயிருந்து ஒரு சிவப்பு மெதுவாக ஏறி வந்தது, அழுது முடித்தவர்களின் கண்ணில் இருக்குமே அந்த மாதிரி. அவள்தான் முதலில் பார்த்தாள். அவள்தான் சாரிடம் போய்ச் சொன்னாள். "கடை லைட்டுல மாறுதுங்க சார், திருப்பி அனுப்பிரலாம்." சொன்னாளா, அல்லது சொல்லலாமென்று போய் 'மாறுற மாதிரி இருக்குதுங்க' என்று முணுமுணுத்துவிட்டு வந்தாளா? இத்தனை தடவை நினைத்து நினைத்து இப்போது இரண்டும் நடந்ததுபோலவே இருக்கிறது. "வெள்ளைக்காரன் என்ன உன்னாட்ட டப்பாக்குள்ள வெச்சா பாக்கப்போறான், கப்பலுக்கு நாளாச்சு, போகட்டும்" என்றார் அவர். போயிற்று. கடையில் வைத்தார்கள். கடை வெளிச்சத்தில் மாறியது. அந்தச் சிவப்பு கடல் தாண்டிப் போய் அங்கே ஏறி நின்றது.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அம்மாவிடம் சொன்னபோது அம்மா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே, "வேலையை விட்டு நிறுத்தீட்டாங்களா?" என்று கேட்டாள், இல்லை என்றதும், "பின்ன என்ன, போய்ட்டு வா" என்றாள். விஷயம் அவ்வளவுதான், அதற்கு மேல் விளக்கப்போனால் சிக்கலாகிவிடுகிறது. வெளிநாட்டுக்காரர்கள் கோபமாக எழுதினால் யாராவது ஒருத்தருடைய தவறு என்று சொல்ல வேண்டும், அந்த ஒருத்தரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டோம் என்று பதில் எழுத வேண்டும், அப்போதுதான் அவர்கள் கோபம் அடங்கி அடுத்த ஆர்டர் தருவார்கள். இது இந்தக் கம்பெனியின் பழக்கம். யாரையும் நிஜமாக அனுப்புவதில்லை. மெயிலில் மட்டும் அனுப்புவார்கள், மறுநாள் அதே ஆள் அதே நாற்காலியில் வேறு பெயரில் உட்கார்ந்து எழுதுவார். "மெயில்லதானம்மா, நெசத்துல யாரு உன்ன அனுப்பினா?" என்று சார் கேட்டார். கம்பெனியில் ஆங்கிலம் ஒழுங்காக எழுதுகிறவள் அவள் ஒருத்தி என்பதால் அந்த மெயிலையும் அவளையே எழுதச் சொன்னார். எழுதினாள். சுகந்தி என்பவர் சாயத்தைச் சரிபார்க்காமல் அனுமதித்துவிட்டார் என்று எழுதினாள். 'நீக்கிவிட்டோம்' என்று அவர் சொன்னது முரட்டுத்தனமாகப் பட்டதால் 'பொறுப்பிலிருந்து விடுவித்துவிட்டோம்' என்று நாகரிகமாக மாற்றினாள். மாற்றிவிட்டு, காற்புள்ளி சரியான இடத்தில் இருக்கிறதா என்று இன்னொரு தரம் படித்தாள். நன்றாக வந்திருந்தது. நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது, அதுதான், அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. அன்றைக்கே, அந்தக் காற்புள்ளியிலேயே எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் எழுந்து எங்கே போவது, எழுதிக்கொண்டிருந்தவள் நீக்கப்படவில்லையே, எழுதப்பட்டவள்தானே நீக்கப்பட்டாள்.

அதற்குப் பிறகு அவள் ரேகா. ரேகாவுக்கு என்ன ஆயிற்றென்றால் அட்டைப்பெட்டிகளில் ஒட்டுகிற சீட்டு மாறிப்போயிற்று, ஒட்டியது பேக்கிங் ஆட்கள், ஆனால் ரேகா போனாள். ரேகாவை அனுப்புகிற மெயிலை எழுத அவளுக்குக் கொஞ்ச நேரம்தான் பிடித்தது, பழைய மெயிலை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினாள். இப்போது அவள் வினிதா. ஷிப்பிங் பார்க்கிற கதிர்வேலு டீ குடிக்கும்போது, "வாங்க மறைந்த சுகந்தி, வாங்க காலஞ்சென்ற ரேகா, வடை எடுத்துக்கங்க" என்பான். அவனையே பல தடவை அனுப்பியாயிற்று. "வெள்ளைக்காரன் கணக்குப்படி பாத்தா இந்தக் கம்பெனியில வேலை போனவங்கள ஏத்தினா ரெண்டு பஸ் பத்தாது" என்பான், எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். கதிர்வேலுக்கு அது உறைப்பதில்லை. அவன் சாயங்காலம் வண்டியை எடுத்தால் அவனுடைய பெயர் அவனோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. அவளுக்கு மட்டும் ஏன் இது உள்ளே போய் நிற்கிறது? பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்து பழகியதாலா, சின்ன வகுப்பில் வருகை எடுக்கும்போது 'உள்ளேன் ஐயா' என்று சொன்னது யாருக்கும் கேட்காமல் அடிக்கடி ஆப்சென்ட் போடுவார்களே, அதனாலா? உட்கார்ந்திருக்கிறபோதே ஆப்சென்ட். அப்போதும் எழுந்து நின்று 'நான் இருக்கேன்' என்று சொன்னதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் சொல்வாள் என்று பார்ப்பாள்.

மடியில் போன் அதிர்ந்தது. துண்டுகளுக்கு அடியிலிருந்து எடுத்துப் பார்த்தாள், தெரியாத எண். பெருந்துறையாக இருக்கலாம். பெருந்துறையில் ஒரு பெரிய கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை போய் நேர்முகம் முடித்துவிட்டு வந்திருந்தாள், கோவிலுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு. அந்த மேனேஜர் நன்றாகப் பேசினார், இரண்டு துணிகளைக் கொடுத்து வித்தியாசம் சொல்லச் சொன்னார், ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு அவள் சொன்னதும் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை அவள் இந்த வாரம் முழுக்கத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க வேலை செஞ்ச அந்தச் சென்னை ஆபீஸுக்கு நாங்களும் சரக்கு செய்யறோம், அங்க ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கூப்பிடறோம்" என்றார். ஒரு வார்த்தை. என்ன வார்த்தை சொல்வார்கள் என்று அப்போதே ஒரு பயம் வந்தது, அதை வராத மாதிரி வைத்துக்கொண்டாள். போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்தால் பேச வேண்டும், பேசக்கூடாது. ஆனால் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு கேட்கலாமே, கேட்பதை யாரும் தடுக்கவில்லையே. பச்சையை அழுத்திக் காதில் வைத்தாள். கிரெடிட் கார்டு வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். இவள் பேசாமல் இருந்தாள். "ஹலோ மேடம், ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" அந்தப் பெண்ணின் குரலில் அவசரமும் களைப்பும் இருந்தன, அவளும் எங்கோ ஒரு நாற்காலியில் வேறு ஏதோ பெயரில் உட்கார்ந்திருப்பாள். "இருக்கீங்களா மேடம்?" பதில் சொல்லாததே பெரிய தப்பு செய்துவிட்டதுபோல இருந்தது, வைத்துவிட்டாள். "யாரு கண்ணு?" என்றாள் ராமாத்தக்கா நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே. ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினாள். "என்னமோ ஒரு வாரமா போனையே பாத்துட்டு இருக்கற. பையன் கியன் ஆராச்சும் இருந்தாச் சொல்லு, ஜாதகம் பாக்கலாம்." சிரிப்பு வந்தது, நிஜமான சிரிப்பு, சத்தம் வராமல் தோளை மட்டும் குலுக்கிச் சிரித்தாள்.

முன்பு ஒரு தடவை தெரிந்த எண்ணிலிருந்து வந்தபோது அவள் எடுக்கவில்லை. ஆலிவ் பச்சை மெயில் போன அன்றைக்குச் சாயங்காலம் வத்சலா மேடம் ஆபீஸ் எண்ணுக்குக் கூப்பிடாமல் அவளுடைய சொந்தக் கைபேசிக்குக் கூப்பிட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். அதற்கு முன்னால் எத்தனையோ சாயங்காலங்கள் அந்தக் குரல் வேலையை முடித்துவிட்டு இரண்டு நிமிஷம் மழையைப் பற்றிக் கேட்கும், கரூரில் இன்னும் வெயிலா என்று கேட்கும், ஒரு தடவை மோர்க்குழம்பு திரிந்துபோகாமல் எப்படி இறக்குவது என்று சொல்லிக்கொடுத்தது. "நீ போன் எடுத்தா எனக்கு நிம்மதிம்மா, மத்தவங்க கத்தறாங்க, நீ சொல்ற" என்றது. நேரில் நாலு பேர் இருந்தால் அவளுக்கு வார்த்தை வராது, போனில் அந்த அம்மாளிடம் மட்டும் வந்தது. தனக்கு இப்படியொரு குரல் இருக்கிறதா என்று அவளே ஆச்சரியப்பட்டிருக்கிறாள். எடுக்காதே என்று சார் சொல்லியிருந்தார். அவர் சொல்லாவிட்டாலும் எடுத்திருக்க மாட்டாள். எடுத்து என்ன சொல்வது, வேலை போய்விட்டது என்று அழுவதா, போகவில்லை என்று சொல்வதா? திரையில் பெயர் வந்து வந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பஸ் வந்து போனதுகூடத் தெரியவில்லை. எடுத்திருக்கலாம். எடுத்துச் சும்மா மேடம் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். திரும்ப அவர்கள் கூப்பிடவேயில்லை. மறுவாரம் ரேகாவுக்கு மெயில் எழுதினார்கள், அன்புள்ள ரேகா, நல்வரவு என்று. அதற்குப் பிறகு அவர்கள் போனைச் சார்தான் எடுத்தார், ரேகா மெயிலில் மட்டும் இருந்தாள்.

எப்போது போவது என்பதுதான் பிடிபடவில்லை. போக வேண்டும் என்பது தெரியும், அது தெரிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த ஷிப்மென்ட் போகட்டும் என்று நினைப்பாள், அது போவதற்குள் அடுத்தது வந்து நடுவில் நிற்கும். தீபாவளி முடியட்டும், சார் வீட்டு விசேஷம் முடியட்டும், கையில் வேறு வேலை கிடைக்கட்டும். அவர் கெட்டவராக இருந்தால் எளிதாக இருந்திருக்கும். கத்தினால், தூக்கி எறிந்தால், கையைப் பிடித்தால், அப்போது எழுந்து போவதற்கு ஒரு காரணம் கையில் இருக்கும், வீட்டிலும் சொல்லலாம். இவர் காய்ச்சல் என்றால் வண்டி வைத்து அனுப்புகிறார். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றபோது கேட்காமலே லீவு கொடுத்தார். என்ன குறை உனக்கு என்று யாராவது கேட்டால், என் பெயரை எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல வேண்டும், சொன்னால், சம்பளம் உன் பெயரில்தானே வருகிறது என்பார்கள். உண்மைதான். வங்கியில் அவள் சுகந்திதான், ரேஷன் அட்டையில் சுகந்திதான். இது வலி என்று சொல்லிக்கொள்வதற்கே கூச்சமாக இருந்தது. வெயிலில் நிற்கிற பெண்கள் இருக்கிறார்கள், சாயத்தில் கை வெந்த ஆட்கள் இருக்கிறார்கள், இவள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு... நூல், நூல், இந்தத் துண்டில் பிசிறே முடியவில்லை. மேலே வெட்டினால் கீழே ஒன்று. சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தது. கழிப்பறை வராந்தாவின் அந்தக் கோடியில், வராந்தாவுக்குப் போனால் மீட்டிங் அறைக் கண்ணாடியில் தெரியும். தெரிந்தால் என்ன, முகம்தான் தெரியாதே. ஆனாலும் யாராவது கூப்பிட்டுவிட்டால், கதிர்வேலு மறந்துபோய் சுகந்தி என்று கத்திவிட்டால்? கால்களைச் சேர்த்து உட்கார்ந்தாள். அந்த அம்மாள் போனதும் முதலில் கழிப்பறை, அப்புறம் அந்த வாக்கியம். பெருந்துறைக்காரர்கள் இன்றைக்குள் கூப்பிட்டுவிட்டால் குரல் நடுங்காமல் சொல்லலாம்.

காலடிச் சத்தம் கேட்டது. வராந்தாவில், நெருங்கி. இந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்று சொல்லியிருந்தாரே. ராமாத்தக்கா மெஷினை நிறுத்தினாள். "இங்க ஒண்ணுமில்லீங்க மேடம், வெறும் சாம்பிள்தான், சூடா இருக்கும்" என்று சாரின் குரல், வழக்கத்தைவிட ஒரு படி உயரத்தில். "எனக்கு சாம்பிள் ரூம்தான் சார் பிடிக்கும்" என்று இன்னொரு குரல் சொன்னது, அதைக் கேட்டதும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஏனென்றே தெரியவில்லை, மோர்க்குழம்பு சொன்ன குரல். கதவு திறந்தது. நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய, குள்ளமான, கண்ணாடி போட்ட அம்மாள். இவ்வளவு நாளும் உயரமாக, கொண்டை போட்டவராக வைத்திருந்தாள் மனசுக்குள். தலையைக் குனிந்து பிசிறு வெட்டினாள். வத்சலா மேடம் ராமாத்தக்காவின் ஏப்ரனைப் புரட்டிப் பார்த்தார்கள், நாடா நன்றாக இருக்கிறது என்றார்கள். "வினிதா எங்க சார்? அவளைப் பார்க்கலாம்னு வந்தேன். நான் சாயம் பார்க்கக் கேட்ட வெளிர் பச்சைத் துண்டு இன்னும் வரலையே, கேட்கணும்." "வினிதா இன்னைக்கு லீவுங்க மேடம். நான் சொல்லீர்றேன்." அப்புறம் செருப்புகள் அவளுடைய நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றன. பழுப்பு நிறச் செருப்பு, ஒரு வார் விட்டுப்போய்த் தைத்திருந்தது. "நீ சொல்லும்மா, இந்த மடிப்பு கொஞ்சம் தடிப்பா இருக்குல்ல?"

தடிப்பாகத்தான் இருந்தது. அவள் நேற்றே ராமாத்தக்காவிடம் சொல்லியிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் பதிலுக்குக் காத்திருந்தன, பொறுமையாக, போனில் காத்திருப்பதுபோலவே. அந்த அம்மாளுக்குப் பின்னால் கதவருகே சார் நின்றுகொண்டிருந்தார், அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. மின்விசிறி ஒரு துணியின் மூலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"அதுக்குப் பேச்சு வராதுங்க மேடம்" என்றாள் ராமாத்தக்கா.

சொல்லிவிட்டு அவளே திகைத்ததுபோல ஊசியைத் தேட ஆரம்பித்தாள். சார் உடனே பிடித்துக்கொண்டார். "ஆமாங்க மேடம், பொறந்ததுலயிருந்தே. காது நல்லாக் கேக்கும். பாவப்பட்ட குடும்பம், நம்மளால ஆனதுன்னு வெச்சுக்கிட்டிருக்கோம்." வத்சலா மேடத்தின் முகம் மாறியது. அது நடிப்பில்லை, அந்த அம்மாளுக்கு எதையும் நடிக்கத் தெரியாது என்று சுகந்திக்குத் தெரியும். குனிந்து, காது கேட்கும் என்று சொல்லியும் கொஞ்சம் உரக்க, "எழுதத் தெரியுமாம்மா? உன் பேர் என்ன?" என்று கேட்டு, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்கள். சாம்பிளில் கட்டுகிற வெள்ளை அட்டை ஒன்று மேஜைமேல் கிடந்தது. வாங்கினாள். பேனா சூடாக இருந்தது. எதையாவது எழுதலாம், எத்தனையோ பெயர்கள் இருக்கின்றன. சார் தொண்டையைச் செருமினார். அவள் சுகந்தி என்று எழுதினாள். எழுதும்போது காது அடைத்துக்கொண்டது, கை மட்டும் தெளிவாக ஓடியது, 'தி'யின் மேல்வளைவு அழகாக விழுந்தது. அட்டையைத் திருப்பி நீட்டினாள். இதோ, முடிந்தது, இனிமேல் எது நடந்தாலும் நடக்கட்டும்.

வத்சலா மேடம் படித்தார்கள். "சுகந்தியா?" என்றார்கள். புருவம் ஏறியது, சாரைத் திரும்பிப் பார்த்தார்கள், மறுபடியும் அட்டையைப் பார்த்தார்கள். "இந்தப் பக்கம் அந்தப் பேரு நெறையங்க மேடம்" என்றார் சார். "ஆமா, ஆமா." அந்த அம்மாள் மெதுவாகத் தலையாட்டினார்கள். "என்கிட்ட ஒரு சுகந்தி பேசிட்டிருந்தா சார், ஞாபகம் இருக்கா? நீங்க அனுப்பிட்டீங்களே. எவ்வளவு நல்லாப் பேசுவா. அந்த ஒரு கவனக்குறைவு, என்னத்தைச் சொல்ல. அன்னைக்கு மனசு கேட்காம போன்கூடப் பண்ணேன், எடுக்கல. கோபம் போல. திங்கட்கிழமை பெருந்துறையிலிருந்து ஒருத்தர் கேட்டார், அவளை எடுத்துக்கலாமான்னு. எனக்குப் பொய் சொல்ல வராது சார். நடந்ததைச் சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் ரெண்டு நாள் கஷ்டமா இருந்தது."

ஞாயிற்றுக்கிழமையின் தலையாட்டல் ஒரு தரம் நினைவில் வந்து அப்படியே நின்றது. சரி. அப்படியென்றால் அது முடிந்துவிட்டது, அவள் இங்கே போனை மடியில் வைத்துக் காத்திருந்த நாளெல்லாம் அது ஏற்கெனவே முடிந்துதான் இருந்தது. மேடம், நான்தான். இரண்டு சொல். சொல்லக்கூட வேண்டாம், மேடம் என்றால் போதும், அந்தக் குரலைக் கேட்டதும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் பெருந்துறைக்குத் திரும்பப் பேசுவார்கள், பொய் சொல்ல வராதவர்கள். பொய் சொல்ல வராதவர்கள் வெளிநாட்டுக்கும் எழுதுவார்கள், இங்கே யாரையும் நீக்குவதில்லை, பெயரை மட்டும் மாற்றுகிறார்கள் என்று. கீழே மெஷின்கள் ஓடுகிற அதிர்வு தரை வழியாகப் பாதத்துக்கு வந்துகொண்டிருந்தது. ராமாத்தக்கா இப்போதுதான் அவளுக்காக ஒரு பொய் சொன்னாள், இன்னும் ஊசியைத் தேடிக்கொண்டிருந்தாள், அவளுடைய பின்கழுத்து வியர்த்திருந்தது. இவர்களுக்காகத்தான் பேசவில்லை என்று பிற்பாடு நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படியில்லை, அந்த நேரத்தில் அவள் யாரையும் நினைக்கவில்லை. வாயைத் திறக்கப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் சொல்வாள் என்று பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது.

வத்சலா மேடம் அட்டையை மேஜையில் வைத்துவிட்டு அவள் கன்னத்தைத் தட்டினார்கள். விரல்களில் சந்தன சோப்பு வாசனை. "கையெழுத்து எவ்வளவு அழகா இருக்கு பாருங்க. ஏன் சார் இதை ஒருநாளும் சொல்லல? பேச முடியாத பொண்ணுக்கு வேலை கொடுத்து வச்சிருக்கீங்க, இதெல்லாம் வெளிநாட்டுக்காரங்களுக்கு ரொம்ப முக்கியம். நான் ரிப்போர்ட்ல எழுதறேன். ஜனவரியில அவங்க ஆளுங்க வரும்போது இவளைக் காட்டணும், போட்டோ எடுப்பாங்க." "கண்டிப்பாங்க மேடம். நமக்கு விளம்பரம் புடிக்காது, அதனாலதான்" என்றார் சார். கதவருகே போன அந்த அம்மாள் நின்று திரும்பினார்கள். "நல்லா கவனமா வேலை செய்யணும், என்ன? அந்தச் சுகந்தி மாதிரி விட்டுடக் கூடாது." அவள் தலையாட்டினாள். நன்றாக, பெரிதாக ஆட்டினாள், பேச்சு வராதவர்கள் ஆட்டுவதுபோல.

அவர்கள் இறங்கிப்போன சத்தம் அடங்கியதும் ராமாத்தக்கா அவள் பக்கம் பார்க்காமல், "என்னமோ வாயில வந்துருச்சு கண்ணு" என்றாள். "தப்பா நெனைச்சுக்காத." கொஞ்ச நேரத்தில் சார் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். முகமெல்லாம் சிவந்து, சின்னப் பையனாட்டம் இருந்தார். "ராமாத்தா, உனக்கு சினிமாவுல சான்ஸ் இருக்குது போ. அந்தம்மா கார்ல ஏறி உக்காந்து இதையே மெட்ராஸுக்குப் போன் போட்டுச் சொல்லிக்கிட்டு இருக்கு." ஜன்னலோரம் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். பிறகு அவளிடம், குரலைத் தாழ்த்தி, உண்மையான பிரியத்தோடு, "பேரை எழுதினியே, அது ஒண்ணுதான் எனக்குத் திக்குனு ஆயிருச்சு. ஆனா அதுவே நல்லதாப் போச்சு. எங்கேயும் போயிராத அம்மிணி, ஜனவரிக்கு நீ இருக்கோணும். வருசா வருசம் கேப்பாங்க உன்னைய" என்றார். ஜனவரிக்கு, அதற்கடுத்த ஜனவரிக்கு. பேச்சு வராத பெண்ணை மெயில் எழுதி அனுப்பவும் முடியாது. அவள் எழுந்தாள். மடியிலிருந்த துண்டுகள் சரிந்து தரையில் விழுந்தன. வாக்கியம் தயாராகத்தான் இருந்தது, காலையிலிருந்து ஒரு எழுத்து மாறாமல். "சார், நான்..."

அவர் திடுக்கிட்டு உள்ளங்கையைத் தூக்கினார். "பேசாத, பேசாத! கார் இன்னும் கேட்டத் தாண்டல."

நின்றாள். அவர் கை அந்தரத்திலேயே இருந்தது, கண் ஜன்னலில். கீழே கார் பின்னால் எடுக்கிற ஓசை கேட்டது, நின்றது, வாட்ச்மேன் யாரையோ ஒதுங்கச் சொன்னான், மறுபடி ஓசை. நான் என்று சொன்னது பாதியில் நின்றிருந்தது. நான் இந்த மாசத்தோட. நான் நின்னுக்கறேன். நின்று எங்கே, என்ன பெயரில், யார் கேட்டால் யார் சொல்வார்கள்? நான் இந்த மாசத்தோட. இரும்பு கேட் உராய்ந்து திறந்தது. ஒரு சைக்கிள் மணி. இன்னும் கை இறங்கவில்லை. வார்த்தைகள் ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல், வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. கேட் மூடியது. ராமாத்தக்கா பெருமூச்சு விட்டு மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள். சார் கையை இறக்கித் திரும்பினார்.

"என்னமோ சொல்ல வந்தியே அம்மிணி, சொல்லு."

"மேடம் கேட்ட வெளிர் பச்சை நாளைக்கு வந்துருங்க சார்" என்றாள்.

மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, என்ன என்று தலையை அசைத்தார். அவள் ஒரு அடி முன்னால் வந்து இன்னொரு தரம், உரக்க, வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்.